வெளிநாட்டுப் பயணத்துக்குக் குறைந்த விலைக் கைப்பேசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மகனோ மகளோ வாழும் ஊருக்குச் சில மாதங்கள் தங்கிவரப் புறப்படும் பெற்றோர், விசா, காப்பீடு, மருந்துச் சீட்டு, ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு கடைசியாக நினைத்துக்கொள்வது கைப்பேசியைத்தான். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒன்று வாங்கினால் போதும் என்று கடைக்குச் செல்கிறார்கள். அங்கே கேமராவையும் திரையின் அளவையும் பற்றிச் சொல்கிறார்களே தவிர, போகிற நாட்டின் கைப்பேசிக் கோபுரங்களோடு அந்தக் கருவி இணையுமா என்பதை யாரும் சொல்வதில்லை. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் நாட்டைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

ஒவ்வொரு நாடும் தன் 4ஜி சேவைக்கு வெவ்வேறு அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறது. இவற்றைப் பேண்ட் என்று சொல்லி எண்ணிட்டு அழைக்கிறார்கள். இந்தியாவில் பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41 ஆகிய பேண்டுகள் பயன்படுகின்றன. எனவே இந்தியச் சந்தைக்கென்றே தயாராகும் மலிவு விலைக் கைப்பேசிகளில் பல இவற்றோடு நின்றுவிடும். அமெரிக்காவிலோ 2, 4, 12, 13, 66, 71 ஆகியவைதாம் முக்கியமானவை. இரண்டு பட்டியல்களிலும் பொதுவான எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கும் 5, 41 ஆகியவை ஓரளவு புழக்கத்தில் இருப்பதால் கருவி முற்றிலும் முடங்கிவிடாது. ஆனால் ஓர் இடத்தில் கிடைக்கும் சிக்னல் அடுத்த தெருவில் கிடைக்காமல் போகும். என் அம்மா அங்கே தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது இதுதான் நடந்தது. கடைவீதியில் நன்றாகப் பேசிய கைப்பேசி, வீட்டுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடும். சுவர்களைத் தாண்டி உள்ளே வருவதும் தொலைவாகப் பரவுவதும் 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தாம். 12, 13, 71 ஆகிய பேண்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை, அவை அம்மாவின் கருவியில் இல்லை.

மற்ற நாடுகளில் நிலைமை இவ்வளவு கடினமில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 3, 7, 8 ஆகியவை பயன்படுவதால் இந்தியக் கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யும். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் 3, 7 ஆகியவற்றோடு 20 இருப்பது மிக நல்லது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் 3, 20 பொருந்தும். ஆஸ்திரேலியாவுக்கு 3, 28 ஆகிய இரண்டும் வேண்டும். ஜப்பானில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றாலும், பெரிய மூன்று நிறுவனங்களுக்கும் 1 பொதுவானது. அதனோடு 8, 18, 19 ஆகியவற்றில், நீங்கள் சிம் வாங்கப்போகும் நிறுவனத்துக்கு உரியதும் இருக்க வேண்டும்.

இந்த எண்களை எங்கே பார்ப்பது? கைப்பேசியின் விற்பனைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இந்தியாவில் ஒரு மாதிரியும் ஐரோப்பாவில் வேறொரு மாதிரியும் விற்பது வழக்கம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய தொழில்நுட்ப விவரத்தில் எல்டிஇ பேண்டுகள் (எல்டிஇ என்பது 4ஜிதான்) என்ற வரியைப் படியுங்கள். அந்த வரியையே வெளியிடாத கைப்பேசியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், பயணத்துக்கு வாங்க வேண்டாம்.

பேண்ட் பொருந்தினால் மட்டும் போதாது என்பதுதான் இப்போது பலரையும் தடுக்கி விழவைக்கிறது. முன்பெல்லாம் 4ஜி இணையத்துக்கு மட்டும் பயன்பட்டது. குரல் அழைப்பு வந்தால் கைப்பேசி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிக்கொள்ளும். அந்தப் பழைய வலையமைப்புகளைப் பல நாடுகள் மூடிவிட்டன. சிங்கப்பூர் 2017இல் 2ஜியை நிறுத்தியது; அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022க்குள் 3ஜியை முடித்துக்கொண்டன; ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி முடிவுக்கு வந்தது. ஜப்பானில் நாம் பழகிய 2ஜி ஒருபோதும் இருந்ததே இல்லை. ஆகவே குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே செல்ல வேண்டும். அதற்கு வோல்ட்டி என்று பெயர். இங்கே உங்கள் கைப்பேசியில் வோல்ட்டி வேலை செய்வதால் அங்கேயும் செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏற்ற அமைப்பு கருவியின் மென்பொருளில் இருந்தால்தான் அது இயங்கும். ஆஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பானது. 000 என்ற அவசர எண்ணை 4ஜி வழியாக அழைக்க முடியாத கைப்பேசிகளை அந்நாட்டு நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பிலிருந்தே விலக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி; அப்படிப்பட்ட கருவியில் இணையம்கூடக் கிடைக்காது.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. தெரியும். வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் அந்த எண்ணைக் கொடுத்துத் தங்கள் வலையமைப்புக்குக் கருவி பொருந்துமா என்று பார்க்கும் வசதியை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் எந்த நிறுவனத்தின் சிம் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டு, கைப்பேசியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பொத்தான் கைப்பேசிக்குப் பழகிய பெரியவர்களுக்கும் இதே சோதனை தேவை: 2ஜி மட்டும் உள்ள பொத்தான் கைப்பேசி பிரிட்டனில் இன்னும் பேசும், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் பேசாது.

இரண்டு சிம் வசதியை நான் கட்டாயமாகவே கருதுகிறேன். வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வைத்தால் பணம் அனுப்பவோ மின்கட்டணம் கட்டவோ வழியில்லாமல் திண்டாட நேரும். புறப்படும் முன் அந்த எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லி, திரும்பி வரும் நாள்வரை செல்லுபடியாகும்படி ரீசார்ஜ் செய்துவிடுங்கள். வெளிநாட்டில் இறங்கியதும் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, உள்ளூர் சிம்மை இணையத்துக்கும் அழைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். சில மலிவுக் கைப்பேசிகளில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையாகச் செருகாமல் கருவிக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் இருந்தால் வசதிதான், ஆனால் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்றால் புதிய மலிவுக் கைப்பேசியே போதும். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்றால், அதே பணத்துக்கு ஆப்பிள், கூகுள், சாம்சங் ஆகியவற்றின் உயர்வகைக் கைப்பேசியை மூன்று நான்கு ஆண்டு பழையதாக வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. உலகம் முழுதும் விற்கத் தயாரான அந்தக் கருவிகளில் பேண்டுகள் மிக அதிகம். பழையதை வாங்கும்போது, அது சென்னை ரிச்சி தெருக் கடையானாலும் தெரிந்தவர் கையானாலும், மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, திருட்டுப் பொருளா என்பது: கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கருவியின் விவரம் வரும். அடுத்தது, ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்பது: அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகளில் இது மிகுதி, வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டி விற்பது தடை செய்யப்பட்டிருப்பதால் அங்கிருந்து வருபவற்றில் இந்தக் கவலை குறைவு. மூன்றாவது பேட்டரி. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14இல் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டுந்தான். இதையும் மறவாமல் பாருங்கள்.

நீண்ட நாள் தங்குவோர் அந்நாட்டுப் பதிவு விதியையும் கேட்டறிய வேண்டும். துருக்கியில், வெளியிலிருந்து கொண்டுவந்த கைப்பேசியில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாட்களுக்குப் பிறகு, பதிவு செய்யாத கருவி முடக்கப்படும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. அங்கே சாதாரண அழைப்புக்கான திட்டத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மின்னேற்றியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டிலும் செருகலாம், ஊருக்கேற்ற செருகுமுனை மட்டும் வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு சிம்களையும் போட்டுப் பழகுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பிள்ளைகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, கைப்பேசி வைக்கும் பையில் வைக்காமல் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் கையில் மிஞ்சுவது அந்தத் தாள்தான்.