எட்டு லிங்கம், எட்டுப் பக்கம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் கிடைப்பதும் எட்டுக் கட்டம். என் கையெழுத்து இதழ் அப்படித்தான் பிறந்தது.

தாளைப் பிரித்து, குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே ஒரு கட்டத் தூரம் மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் புத்தகம். பக்க எண்ணை இப்போதே பென்சிலில் போடுங்கள். பிரித்தால் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். நான் முதல் தடவை எமலிங்கத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்.

என்ன வரைவது? மலையைத்தான். ஒவ்வொரு லிங்கத்துக்கு அருகிலும் மலை எந்த வடிவில் தெரிகிறதோ, அந்த விளிம்பை ஒரே கோட்டில். அக்னி லிங்கத்தருகே கண்ட மலையா இதுவென்று நிருதி லிங்கத்தில் நின்று வியந்திருக்கிறேன். கீழே இரண்டு வரி போதும்: சுடும் தார்ச்சாலையில் வெறுங்கால், யாரோ நீட்டிய மோர்.

கறுப்பு ஜெல் பேனாவே ஜெராக்ஸில் தெளிவாக விழும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். அப்புறம், பின்பக்கம் காலியாக இருக்குமே, அங்கே முழு மலையையும் பெரிதாக வரையுங்கள். பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது.