நாவல் எழுத இலவச லிப்ரே ஆபீஸே போதும்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியை நாவலாக எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம், காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை, அரண்மனையில் திப்புவின் பிள்ளைகள். ஒரே நாளில் இத்தனை இடம், இத்தனை ஆள். ஒரே நீள ஃபைலாக அடித்துக்கொண்டே போனால் நூறு பக்கம் தாண்டியதும் எந்தக் காட்சி எங்கே என்று தேடியே பொழுது போய்விடும்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் எழுதுவதற்கான பகுதி ரைட்டர். அதில் அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல் 1, காட்சித் தலைப்புக்கு கன்ட்ரோல் 2 அழுத்துங்கள். காட்சித் தலைப்பிலேயே நேரம், இடம், யார் பார்வை மூன்றையும் எழுதுங்கள்: 'விடியுமுன், கோட்டை வாசல், சிப்பாய்'. எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் திறக்கும். மொத்த நாவலும் பட்டியலாக நிற்கும். தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தால் அதன் கீழுள்ள பக்கங்களும் கூடவே நகரும். ஆற்காட்டுக் காட்சியை முன்னால் வைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஒரு நொடிதான். அச்சுக்குக் கொடுக்கும்போது இந்தக் காட்சித் தலைப்புகளை எடுத்துவிடலாம்.

நாவல் போன்ற நீண்ட எழுத்துக்கென்றே உள்ள ஸ்க்ரிவனர் மென்பொருள் இதைவிட வசதி, ஆனால் காசு. வாங்குமுன் அதன் 30 நாள் சோதனைப் பதிப்பைப் பாருங்கள்; திறக்காத நாள் கணக்கில் சேராது.

எதில் எழுதினாலும் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் அடியுங்கள். வேறு குறியீட்டில் உள்ள பழைய பாமினி எழுத்துருவில் அடித்துவிட்டு, யூனிகோடில் 'கில்லஸ்பி' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.