டோகமாக்கின் வெப்ப இழப்பு: செமினாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக் கல்லூரிகளில் செமினாருக்கு டோகமாக்கை (அணு இணைவுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவக் கருவி) எடுத்துக்கொள்ளும் இயற்பியல் மாணவர்கள் நன்றாகவே தயாராகி வருகிறார்கள். ஆனால் வெப்ப இழப்பு என்ற பகுதி வந்ததும் பலரும் ஒரே இடங்களில் தடுமாறுகிறார்கள்.

"15 கோடி டிகிரி பட்டால் சுவர் உருகிவிடும், அதற்குத்தான் காந்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பிளாஸ்மா, அதாவது உள்ளே இருக்கும் மின்னேற்றம் பெற்ற சூடான வாயு, காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தி குறைந்தது. சுவரில் பட்டால் முதலில் அணைவது அதுதான். அதன் சூட்டைக் காப்பாற்றவே இத்தனை ஏற்பாடும்.

துகள்கள் மோதி மோதி வெளியேறுகின்றன என்று கணக்குப் போட்டு அத்தோடு நிறுத்துவதும் தவறு. அளந்து பார்த்த இழப்பு அந்தக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். மீதியெல்லாம் கொந்தளிப்பின் வேலை. நடுவில் சூடு, ஓரத்தில் குளிர் என்ற சரிவிலிருந்தே சிறு சுழல்கள் பிறந்து சூட்டை வெளியே கடத்துகின்றன.

எனக்கு மிகவும் உறுத்துவது, "ஹீட்டர் பவரைக் கூட்டினால் போதும்" என்பது. சோழவந்தான் பக்கம் களத்தில் நெல் குவிப்பதைப் பாருங்கள். சரிவு ஓர் அளவைத் தாண்டினால் மேலே கொட்டுவதெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். பிளாஸ்மாவிலும் அப்படித்தான். டோகமாக்கின் அகலம் மாறாததால் உச்சியும் பெரிதாக உயராது. ஆனால் குவியலையே ஒரு திண்ணைமேல் ஏற்றினால்? 1982-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழு கண்டது அதைத்தான். பவர் ஒரு வரம்பைத் தாண்டியதும் பிளாஸ்மாவின் ஓரத்தில், அந்தத் திண்ணைபோல, சூட்டைத் தடுக்கும் மெல்லிய தடுப்பு தானாக எழுந்தது. ஆற்றல் தங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அங்கே அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. அவற்றுக்கு இடையில் சிக்கும் சுழல் நீண்டு, சாய்ந்து, பெரிதாகும் முன்பே கிழிந்துபோகிறது. இந்தப் படத்தைப் போர்டில் வரைந்து காட்டுங்கள், பாதி செமினார் அதிலேயே புரிந்துவிடும்.

சரி, கொந்தளிப்பை அடியோடு ஒழித்துவிடலாமா? கூடாது. இணைவில் உண்டாகும் ஹீலியம் சாம்பல், அதாவது எரிந்து மிஞ்சும் கழிவு, வெளியேறியாக வேண்டும்; அதற்குக் கொஞ்சம் கொந்தளிப்பு தேவை. தடுப்பு மிகச் செங்குத்தானால் ஓரம் திடீர் திடீரென்று வெடித்து, அடியிலுள்ள வெளியேற்றுத் தகடுகளைத் தாக்கும். சுவருக்கு உண்மையான ஆபத்துகளில் இது முக்கியமானது. காந்தப்புலத்தில் வேண்டுமென்றே சிறு அலைவு ஏற்படுத்தி இதை அடக்கப் பார்க்கிறார்கள்.

அப்புறம், எடுத்துக்காட்டெல்லாம் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியதில்லை. குஜராத்தின் காந்திநகரில் 1989-ல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக்கில் ஓரத்துக் கொந்தளிப்பை அளந்து, அது சீராக இல்லாமல் விட்டு விட்டு வெடிப்புகளாக வருவதை 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். அந்த முடிவுக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்கள்.