ஞானோபதேச வகுப்பு: கேள்வி பதிலை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கிறிஸ்தவ விசுவாசத்தை, பெரும்பாலும் கேள்வி பதிலாக, கற்பிப்பதை மறைக்கல்வி, ஞானோபதேசம் என்று நாம் சொல்வதற்கு மூலம் ‘கத்தேகேயோ’ என்ற கிரேக்க வினைச்சொல். காதில் ஒலிக்கச் செய்வது, வாய்மொழியாகக் கற்பிப்பது என்று பொருள். லூக்கா 1:4இல், அந்த நற்செய்தி யாருக்கு எழுதப்பட்டதோ அந்தத் தெயோப்பிலு பெற்ற உபதேசத்தைக் குறிப்பது இந்தச் சொல்தான். ஆசிரியர் ஒலித்தது மாணவர் வாயிலிருந்து திரும்பி வர வேண்டும். வரும்போது அது அவருடைய சொந்தப் பேச்சாகவும் ஆகியிருக்க வேண்டும். முதல் பாதியோடு நின்றுவிடும் வகுப்புகளே அதிகம்.

புத்தகம் ஒன்றுதான் இருக்கட்டும். 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்ட லூத்தர், ஒரே வாசகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அதன் முன்னுரையிலேயே போதகர்களைக் கேட்டுக்கொள்கிறார். இன்று ஒருவிதமாகவும் அடுத்த ஆண்டு வேறுவிதமாகவும் சொன்னால் சிறுவர் குழம்பிப்போவார்கள், பட்ட பாடு வீணாகும் என்பது அவர் சொல்லும் காரணம். இரண்டு சபைகளின் பாடநூல்களைக் கலப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்துக் கட்டளைகளை எண்ணும்போது கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் விக்கிரகத் தடையை முதல் கட்டளையோடு சேர்த்து, பிறருடையதை இச்சியாதிருக்கச் சொல்லும் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கால்வின் வழிவந்த சீர்திருத்த சபையார் விக்கிரகத் தடையைத் தனியாக இரண்டாம் கட்டளை என எண்ணுகிறார்கள். அதனால் ‘ஆறாம் கட்டளை’ என்றால் ஒருவருக்கு விபசாரம், மற்றவருக்குக் கொலை. எண்ணைச் சொல்லிக் கேட்காமல் கட்டளையின் வாசகத்தைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 பத்திகள் உள்ளன. அது ஆசிரியர் படித்துத் தயாராவதற்கு. சிறுவர் கையில் கொடுக்க அல்ல. கேள்வி பதிலாக வேண்டுமானால் 2005இல் வந்த அதன் சுருக்கத்தில் 598 கேள்விகள் இருக்கின்றன.

வாரத்துக்கு இரண்டு கேள்விகள் போதும். 1563இல் அச்சான, சீர்திருத்த சபையாரின் ஹைடல்பெர்க் ஞானோபதேசம் தன் 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய ஞானோபதேசத்தின் 107 கேள்விகளும் இதே வேகத்தில் ஏறக்குறைய ஓராண்டில் முடியும்.

மனப்பாடத்தைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். ஒரு வாக்கியத் துண்டை நீங்கள் சொல்ல, மாணவர் மூன்று முறை திருப்பிச் சொல்லட்டும். அது நின்றபின் அடுத்த துண்டைச் சேருங்கள். பலகையில் பதிலை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று சொற்களை அழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் வெறும் பலகையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். படிக்காதவர் கடைசிச் சொல்லில் குரலைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்வார். தனித்தனியாக, வரிசை மாற்றிக் கேளுங்கள்.

அடுத்து வருவதுதான் உண்மையான பாடம்: பதிலைப் பிரித்துக் கேட்பது. ஹைடல்பெர்க்கின் முதல் கேள்வியைப் பாருங்கள்: ‘வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன?’ நான் எனக்குச் சொந்தமல்ல. உடலும் ஆத்துமாவுமாக, வாழ்ந்தாலும் செத்தாலும், என் உண்மையுள்ள இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்கே சொந்தம் என்று பதில் தொடங்குகிறது. நீ யாருக்குச் சொந்தம்? உடல் மட்டுமா, ஆத்துமா மட்டுமா? எதுவரைக்கும்? இவற்றுக்குப் பதில் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருப்பதால் தயங்காமல் சொல்வார்கள். பிறகு, ‘நீ உனக்கே சொந்தமில்லை என்பது எப்படி ஆறுதலாகும்?’ என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். பயந்திருந்த ஒரு நாளை, தனியாக இருந்த ஒரு இரவை யாராவது சொல்லத் தொடங்குவார்கள். விளக்கம் அங்கிருந்து கிளம்பட்டும்.

‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளை விட்டுவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள். நடுவிலிருந்து கேட்டால் முதலிலிருந்து ராகம் போட்டு ஒப்பிக்கிறார் என்றால், ஒலி ஏறியிருக்கிறது, பொருள் ஏறவில்லை. அந்தக் கேள்விக்கு இன்னொரு வாரம் கொடுங்கள்.

மறந்துபோய் நிற்பவருக்கு முழுப் பதிலையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். முதல் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள்.