தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஆண்டில் நான் செய்த அதே தவறை, அண்மையில் பணியில் சேர்ந்த ஒருவர் செய்யவிருந்த கடைசி நேரத்தில் தடுக்க வேண்டியிருந்தது. நேரத்துக்கு வருவது, அறிக்கையை உரிய நாளில் கொடுப்பது போன்றவை எந்த வேலைக்கும் பொது என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்குச் செலவிடுவது

ஒரு கடலோரக் கிராமத்தில் மகளிர் குழுக்களின் பயிற்சிக்கென வந்த நிதியில் 40,000 ரூபாய் மீதமிருந்தது. பள்ளி திறக்கும் நேரமாகையால், அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் பில் இருந்தும் தணிக்கையாளர் அந்தச் செலவை ஏற்கவில்லை. நிறுவனம் தன் பொது நிதியிலிருந்து தொகையைத் திருப்பிக் கட்டியது. அடுத்த தவணை நான்கு மாதம் தள்ளிப்போக, அவ்வளவு காலமும் களப்பணியாளர் இருவர் சம்பளமின்றி வேலை செய்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தால் அனுமதித்திருப்போம் என்று நன்கொடையாளர் பின்னர் சொன்னார். ஆகவே, "நல்ல காரியத்துக்குத்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வெளிநாட்டு நிதியில் விளைவு இன்னும் கடுமையானது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்; உள்ளூர் நன்கொடையை அதில் சேர்க்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பின் அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு கணினி வாங்க ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று வியக்கும் புதியவர்கள், இந்த வரம்பை மனத்தில் கொள்ள வேண்டும். மீதம் தெரிந்த அன்றே கணக்காளரிடம் சொல்லுங்கள். நன்கொடையாளரின் அனுமதி எழுத்தில் வந்த பிறகே செலவிடுங்கள்.

திட்டம் முடியும் தேதியைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது

பெரும்பாலும் அந்தத் தேதியோடு உங்கள் வேலையும் முடியும்.

ஊரில் வாக்குக் கொடுப்பது

ஒப்புதல் கடிதம் வரும் முன்பே "தையல் இயந்திரம் வரும்" என்று சொல்லிவிட்டால், அது வராதபோது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டுமல்லர். உங்களைக் கூட்டத்தில் அறிமுகப்படுத்திய குழுத் தலைவியைத்தான் ஊரார் முதலில் கேட்பார்கள்.

குழந்தைகளைப் படமெடுப்பது

பெற்றோர் சம்மதமின்றி வேண்டாம்.