போடோனியின் மெல்லிய கோட்டைக் கவனியுங்கள்

போடோனி என்ற ஆங்கில எழுத்துருவை உற்றுப் பார்த்தால் இரண்டு விதக் கோடுகள்தான் கண்ணில் படும். தூண் போல நிற்கும் தடித்த கோடு ஒன்று. அதன் தலையிலும் காலிலும் தலைமுடி கனத்தில் ஓடும் மெல்லிய கோடு இன்னொன்று. அதன் அழகெல்லாம் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. அதை வைத்து வேலை செய்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, தூணை மட்டும் பார்த்துவிட்டு மெல்லிய கோட்டை மறந்துவிடுவதால் வருபவை.

என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் நானே அதைச் செய்தேன். ஆங்கிலப் பக்கத்தைப் போடோனியில் அமைத்து, முகவரியை 7 பாயிண்ட் என்ற சின்ன எழுத்தளவில், அரக்கு நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தாக வைத்தேன். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. அச்சாகி வந்ததும் சின்ன ‘e’ எழுத்தின் குறுக்குக் கோட்டை மை மூடிவிட்டிருந்தது. ‘e’ எல்லாம் ‘c’யாகத் தெரிந்தது. மண்டபம் இருக்கும் தெருவின் பெயரையே படிக்க முடியவில்லை.

காரணம் எளிது. அரக்கு போன்ற நிறம் ஆஃப்செட் அச்சில் பெரும்பாலும் பல மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் உருவாகிறது. ஒரு நிறம் இம்மி விலகினாலும் வெள்ளையாக விட்ட மெல்லிய கோட்டுக்குள் அது புகுந்துவிடும். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள், சற்றுத் தடித்த வடிவத்தை எடுங்கள், பின்னணியை ஒரே மையில் அடிக்கச் சொல்லுங்கள்.

சின்ன அளவில் வைப்பதே தவறா என்றால், இல்லை. தலைப்புக்காக வரைந்த போடோனியைச் சுருக்கி வைப்பதுதான் தவறு. இத்தாலியின் பார்மா நகரில் 1768 முதல் அரண்மனை அச்சகத்தை நடத்திய ஜியாம்பத்திஸ்தா போடோனி, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக உருக்கு அச்சுகளை வெட்டினார். சின்ன எழுத்தில் மெல்லிய கோடு, உயரத்தோடு ஒப்பிட்டால், கொஞ்சம் கனமாகவே இருக்கும். அவர் 1813-இல் இறந்த பிறகு, அவர் மனைவி மார்கெரிட்டா 1818-இல் வெளியிட்ட எழுத்துமாதிரித் தொகுப்பின் இரண்டு பாகங்களைப் புரட்டினால் அந்த உழைப்பின் அளவு புரியும். கணினிக்கு வந்த பல போடோனிகளில் இந்த அக்கறை இல்லை. பெரிய அளவு ஒன்றைப் பார்த்து வரைந்து, அதையே எல்லா அளவுக்கும் பயன்படுத்தச் சொல்கின்றன.

விதிவிலக்குகளும் உண்டு. 1994-இல் வந்த ஐடிசி போடோனி 6, 12, 72 பாயிண்ட் அளவுகளுக்கென மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடாவில் அளவுக்கேற்ப வடிவம் மாறும் வசதி இருக்கிறது. பத்தி பத்தியாக ஓடும் சின்ன எழுத்துக்கு இவற்றின் சிறிய வடிவத்தையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது தாள். போடோனியின் எழுத்து வழவழப்பான, உயர்தரத் தாளையும் நல்ல கருப்பு மையையும் நம்பிப் பிறந்தது. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். மெல்லிய கோடு தடித்து, எழுத்தின் நளினம் போய்விடும். சொரசொரப்பான கைவினைத் தாளில் தங்க ஃபாயில் அடித்தால் நேரெதிராக நடக்கும்: பள்ளங்களில் ஃபாயில் ஒட்டாமல் கோடு துண்டு துண்டாகும்.

எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளின் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தாதீர்கள். அது எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரி ஊதவைக்கும். அகலவாக்கில் இழுப்பதும் கூடாது. தூண்கள் பருக்கும், கிடைக்கோடுகள் அப்படியே நிற்கும்.

வரிகளை நெருக்குவதும் எனக்குப் பொறுக்காத ஒன்று. செங்குத்துத் தூண்கள் வரிசையாக நிற்கும்போது பக்கம் கம்பிவேலி போலாகி, கண் வரியோடு நகராமல் மேலும் கீழும் இழுபடும். போடோனியின் சொந்தப் புத்தகங்களில் வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் வெள்ளை தாராளமாக இருக்கும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 அல்லது 16 பாயிண்ட் வரியிடைவெளி கொடுத்துப் பாருங்கள், பக்கம் மூச்சுவிடும்.

தமிழோடு சேர்க்கும்போது ஒரு சங்கடம் வரும். நம்மிடம் புழங்கும் பல தமிழ் எழுத்துருக்களில் கோடு ஏறக்குறைய ஒரே கனம். போடோனியின் பக்கத்தில் அவை மொத்தையாகத் தெரியும். குறை தமிழில் இல்லை, ஜோடியில் இருக்கிறது. கனம் மாறி மாறி வரும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றை எடுத்து, இரண்டின் அளவையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். எண்ணில் இரண்டும் 12 பாயிண்ட் என்பதால் பார்வைக்குச் சமமாகிவிடாது.

வாசனைத் திரவியப் பெட்டி, ஃபேஷன் இதழின் தலைப்பு, கச்சேரி அழைப்பிதழ், கவிதைத் தொகுப்பின் அட்டை: இங்கெல்லாம் போடோனியை நம்பி வைக்கலாம். மருந்துச் சீட்டிலும் வழிகாட்டிப் பலகையிலும் வேண்டாம். சின்ன எழுத்திலும் தூரத்திலும் மெல்லிய கோடு மறைந்து தூண்கள் மட்டுமே மிஞ்சும்.

அச்சுக்கு அனுப்பும் முன், அச்சாகப் போகும் அதே தாளில், அதே அளவில் ஒரு மாதிரி எடுங்கள். கை நீட்டும் தூரத்தில் பிடித்து, சின்ன ‘e’யின் குறுக்குக் கோடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.