பக்கத்துக் கட்டில்காரரின் கண்ணைப் பாருங்கள்

‘காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று ஊரில் சொல்வோம். ஆனால் காமாலை வந்தவருக்குப் பார்ப்பது எதுவும் மஞ்சளாகத் தெரிவதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத்தான் அவர் கண் மஞ்சளாகத் தெரியும். சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து விடுதி அறையில் பல பேரோடு தங்கியிருக்கிறீர்களா? ட்யூப்லைட்டில் சரியாகத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

கண்ணுக்கு முன்பே சிறுநீர் காட்டிக்கொடுப்பதும் உண்டு. நன்றாகத் தண்ணீர் குடித்தும் தே ஓ நிறத்தில் போனால் ‘வெயில் சூடு’ என்று விட்டுவிடாதீர்கள். (பால் விடாத தேநீர்தான் தே ஓ, நாலு நாளில் பழகிவிடும்.) கூடவே பசியின்மை, குமட்டல், அசதி வரலாம்.

காமாலை என்பது உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்பதன் அடையாளம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாளில் அழியும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். மலேரியாவில் போல அணுக்கள் வேகமாக அழிந்தாலோ, கிருமியாலோ குடியாலோ மருந்தாலோ கல்லீரல் கெட்டாலோ, பித்தக்குழாய் அடைபட்டாலோ அது ரத்தத்தில் தேங்கிவிடும். அடைப்பு என்றால் மலம் களிமண்போல் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். காரணம் பித்தக்கல்லாக இருக்கலாம், கணையத்தில் கட்டியாகவும் இருக்கலாம்.

புதிதாக வந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் கிருமி, உடம்புக்குள் போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஊரிலிருந்து கிளம்பும் வாரத்தில் தொற்றியது இங்கே இரண்டாம் மாதத்தில்கூடத் தலைகாட்டலாம். அதனால் டாக்டரிடம் எப்போது வந்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

கீழாநெல்லியைக் குறைத்துப் பேச மாட்டேன், என் பாட்டியும் அரைத்துக் கொடுத்தவர்தான். ஆனால் குழாயில் சிக்கிய கல்லை அது எடுக்காது. அதை நம்பி ஒரு வாரம் காத்திருப்பதுதான் எனக்குப் பயம். கைமருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, எங்கே போவது? பக்கத்து கிளினிக் அல்லது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, பேச்சுத் தடுமாற்றம், ரத்த வாந்தி என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். செலவுக்குப் பயந்து படுத்துக் கிடக்காதீர்கள். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து இதுதான் விதி.

வேறு நோய்க்காக வார்டில் படுத்திருப்பவருக்கும் இடையில் கண் மஞ்சளாகலாம். கடுமையான கிருமித்தொற்று, புதிதாகக் கொடுத்த மருந்து எதுவும் காரணமாகலாம். பார்க்கப் போகிற நீங்கள் கவனித்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். நண்பர் விடுதியில் விழுங்கிவந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள், பேனடாலையும் (பாராசிட்டமால்) விடாதீர்கள்.